கிளிக்குள்ளயும் பச்சையம் இருக்குங்களா, டீச்சர்?

(வட்டார அளவிலான அறிவியல் ஆசிரியர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'இயற்கையில் நிறங்கள்' என்ற தலைப்பில் பேசும்படி என்னிடம் கேட்டிருந்தார்கள். எல்லா நிறங்களுக்கும் நேரம் போதாது. அதனால் பச்சையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அந்த ஒரு நிறத்தில்தான் வகுப்பறையில் எனக்குச் சரியான அடி கிடைத்தது.

சில ஆண்டுகளுக்கு முன் ஏழாம் வகுப்பில் தாவரங்கள் பற்றிய பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். "இலை ஏன் பச்சையாக இருக்கிறது?" என்று கேட்டேன். "பச்சையம் இருப்பதால்!" என்று வகுப்பே ஒரே குரலில் சொன்னது. எனக்கு மகிழ்ச்சி. அடுத்த பக்கத்துக்குப் போகலாம் என்று நினைத்தபோது கடைசி வரிசையில் ஒரு மாணவன் எழுந்தான். "அப்போ கிளிக்குள்ளயும் பச்சையம் இருக்குங்களா, டீச்சர்?" என்றான்.

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். "உட்காரு, பாடத்தைக் கவனி" என்றேன். அவன் உட்கார்ந்தான். அந்தப் பருவம் முடியும் வரை அவன் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

அன்று இரவு பாடக்குறிப்பு எழுதும்போதுதான் எனக்கு உறைத்தது. கிளிக்குள் பச்சையம் இல்லை என்பது எனக்குத் தெரியும். அப்படியானால் கிளி ஏன் பச்சையாக இருக்கிறது? எனக்குத் தெரியவில்லை. அறிவியலில் பட்டம், அதன்மேல் பி.எட்., பல ஆண்டு அனுபவம், இத்தனைக்கும் பிறகு தெரியவில்லை. தெரியாததை மறைக்கத்தான் சிரித்தேன் என்பது அப்போது புரிந்தது. அந்தக் கேள்விக்குப் பதில் தேடியதில் நான் கற்றதைத்தான் இன்று உங்களுடன் பகிர்ந்துகொள்கிறேன்.

இலையின் பச்சை

முதலில் நமக்குத் தெரிந்த இலையிலிருந்தே தொடங்குவோம். சூரிய ஒளியில் ஏறத்தாழ 400 முதல் 700 நானோமீட்டர் அலைநீளம் வரை நம் கண்ணுக்குத் தெரிகிறது. பச்சையம் இதில் நீலத்தையும் சிவப்பையும் நன்றாக உறிஞ்சுகிறது. நடுவில் உள்ள பச்சையைக் குறைவாக உறிஞ்சுகிறது. மீந்து நம் கண்ணுக்கு வருவது பச்சை.

இங்கே நாம் வழக்கமாகச் செய்யும் ஒரு சிறு தவறைத் திருத்திக்கொள்ள வேண்டும். "இலை பச்சை ஒளியை உறிஞ்சாது, முழுவதும் திருப்பி அனுப்பிவிடும்" என்று கரும்பலகையில் எழுதுகிறோம். அது சரியில்லை. பச்சை ஒளியிலும் பெரும்பகுதியை இலை எடுத்துக்கொள்கிறது. மற்ற நிறங்களைவிடக் குறைவாக எடுத்துக்கொள்கிறது என்பதே சரி. அந்தச் சிறு வேறுபாடு போதும், நம் கண் அதைப் பச்சை என்று சொல்லிவிடும்.

இதைச் சொல்வதைவிடக் காட்டுவது எளிது. முருங்கை இலையையோ அரைக்கீரையையோ நசுக்கி, மருந்துக் கடையில் கிடைக்கும் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் ஊறவையுங்கள். பாத்திரத்தை வெந்நீரில் வைத்தால் போதும், பக்கத்தில் அடுப்போ தீயோ வேண்டவே வேண்டாம். சிறிது நேரத்தில் பச்சைச் சாறு இறங்கும். அதில் ஒரு சாக்பீஸை நிறுத்திவைத்தால் சாறு மேலே ஏறும். பச்சையோடு மஞ்சளும் தனியே தெரியும். சாக்பீஸில் சுமாராகத்தான் பிரியும், வடிதாளில் இன்னும் தெளிவாகத் தெரியும். பச்சை இலைக்குள் மஞ்சளும் இருந்தது என்பதை மாணவர் தம் கண்ணால் பார்ப்பார்கள். இலை பழுத்தால் மஞ்சள் புதிதாக வருவதில்லை, பெரும்பாலும் பச்சை விலகியதும் ஏற்கெனவே இருந்த மஞ்சள் வெளியே தெரிகிறது.

அதே சாற்றை இருட்டறையில் வைத்து, ரூபாய் நோட்டைச் சோதிக்கும் ஊதா விளக்கை அதன்மேல் அடியுங்கள். விளக்கைக் கண்ணுக்கு நேராகப் பிடிக்க விடாதீர்கள். பச்சைச் சாறு இரத்தச் சிவப்பாக ஒளிரும். என் வகுப்பு வாயடைத்து நின்றது அந்த ஒரு நிமிடம்தான். உறிஞ்சிய ஒளியைப் பச்சையம் சிவப்பு ஒளியாக வெளியே விடுகிறது. செடிக்குள் இருக்கும்போது அந்த ஆற்றலில் பெரும்பகுதி உணவு தயாரிக்கப் போகிறது. சாறாகப் பிழிந்த பிறகு போக இடம் இல்லாமல் ஒளியாகவும் வெப்பமாகவும் வெளியேறுகிறது.

வெள்ளைக்கல்லும் கீரைச் சட்டியும்

சேலம் ஜங்ஷனிலிருந்து ஏற்காட்டு அடிவாரம் போகும் பக்கத்தில் வெள்ளைவெளேர் என்று வெட்டுப்பட்ட குன்றுகளை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அங்கே எடுப்பது மேக்னசைட், அதாவது மக்னீசியம் கார்பனேட். உலைகளுக்கான வெப்பம் தாங்கும் செங்கல் செய்ய அது பயன்படுகிறது. அந்தப் பக்கத்து ரயில் நிலையத்துக்கே மேக்னசைட் ஜங்ஷன் என்றுதான் பெயர்.

அந்த மக்னீசியத்துக்கும் நம் பச்சை இலைக்கும் உறவு உண்டு. பச்சையம் 'ஏ' என்ற வகையின் ஒரு மூலக்கூறில் மொத்தம் 137 அணுக்கள். அவற்றில் ஒன்றே ஒன்று மக்னீசியம். அது நடுவில் உட்கார்ந்திருக்கிறது. பச்சையத்தில் மக்னீசியம் இருப்பதை நிலைநாட்டிய ஜெர்மானிய வேதியியலர் ரிச்சர்டு வில்ஸ்டாட்டருக்கு 1915-இல் நோபல் பரிசு கிடைத்தது. குன்றில் உள்ள மக்னீசியம்தான் நம் கீரைக்கு வருகிறது என்று நான் சொல்லவில்லை. தனிமம் ஒன்றுதான் என்கிறேன். கல்லில் வெள்ளை, இலையில் பச்சை. நிறம் தனிமத்தில் மட்டும் இல்லை, அது யாரோடு எப்படிச் சேர்ந்திருக்கிறது என்பதில் இருக்கிறது என்று மாணவரிடம் சொல்ல, நம் ஊரிலேயே இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது.

அந்த மக்னீசியத்தை வெளியேற்றிப் பார்க்கவும் முடியும். நம் வீட்டில் தினமும் நடப்பதுதான். கீரை வேகும்போது தட்டைப் போட்டு மூடினால் என் அம்மாயி திட்டுவார். "மூடாம வேக வெய்யி, நெறம் மாறிரும்" என்பார். கீரை வேகும்போது அதிலுள்ள அமிலங்கள் வெளிவருகின்றன. திறந்திருந்தால் ஒரு பகுதி ஆவியோடு போய்விடும். மூடினால் சட்டிக்குள்ளேயே தங்கி, பச்சையத்தின் நடுவிலுள்ள மக்னீசியத்தை வெளியே தள்ளிவிட்டு ஹைட்ரஜன் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். பச்சை மங்கிப் பழுப்பாகும். புளி ஊற்றினால் இன்னும் வேகமாக நடக்கும். வகுப்பில் இலைச்சாற்றை இரண்டு குழாயில் ஊற்றி, ஒன்றில் மட்டும் எலுமிச்சைச் சாறு விட்டுப் பாருங்கள். எட்டாம் வகுப்பு மாணவிக்கு அமிலம் என்ன செய்யும் என்பது அதன்பிறகு மறக்காது. தன் பாட்டிக்கு வேதியியல் தெரிந்திருந்தது என்பதும் மறக்காது.

அந்த மாணவன் கொண்டுவந்த இலை

இனி அந்த மாணவனிடம் திரும்பி வருகிறேன். கிளிக்குப் பதில் தேடிக் கண்டுபிடித்ததும் வகுப்பில் எல்லோர் முன்னாலும் சொன்னேன். "அன்னிக்கு நீ கேட்டது நல்ல கேள்வி. எனக்குப் பதில் தெரியலை. அதனாலதான் சிரிச்சேன்" என்றேன். அவன் ஒன்றும் பேசவில்லை. இரண்டு வாரம் கழித்து, செய்தித்தாளில் சுற்றி ஒரு குச்சிக்கிழங்கு இலையைக் கொண்டுவந்தான்.

"எங்க காட்டுல எல்லாம் இப்படி ஆகுதுங்க. இதுல பச்சையம் போயிருச்சுங்களா? அப்பா ரெண்டு தடவ யூரியா போட்டாங்க, திரும்பலைங்க" என்றான்.

சேலம், நாமக்கல் சமவெளியில் குச்சிக்கிழங்கு என்றால் சோறு. ஜவ்வரிசி ஆலைக்குப் போகும் கிழங்கில்தான் பல வீடுகளின் கடனும் கல்யாணமும் நிற்கின்றன. பச்சை போய்விட்டதா என்று அவன் கேட்டது மதிப்பெண்ணுக்கான கேள்வி இல்லை.

அந்த இலையை வைத்து வகுப்பே இரண்டு நாள் வேலை செய்தது. மஞ்சள் எங்கே தொடங்கியது என்பதுதான் முதல் கேள்வி. தழைச்சத்து குறைந்தால் அடியிலுள்ள முதிர்ந்த இலை முழுவதும் வெளிறும். மக்னீசியம் குறைந்தாலும் முதிர்ந்த இலையில்தான் தெரியும், ஆனால் நரம்பு பச்சையாகவே இருக்க, நரம்புகளுக்கு இடையில் மஞ்சளாகும். இரும்புச்சத்து குறைந்தால் நேர்மாறாக, நுனியில் உள்ள இளந்தளிர் முதலில் மஞ்சளாகும். தேமல் நோயானால் மஞ்சளும் பச்சையும் திட்டுத் திட்டாகக் கலந்து இலை கோணிக்கொள்ளும். அது வெள்ளை ஈயாலும் நோயுற்ற விதைக்குச்சியாலும் பரவும் வைரஸ் நோய். அதற்கு உரம் மருந்தாகாது.

அவன் கொண்டுவந்தது நுனித்தளிர். நரம்பு பச்சை, இடையில் மஞ்சள். இரும்புக் குறைபாடாக இருக்கலாம் என்று நினைத்தோம். ஆனால் நாம் ஆசிரியர்கள், வேளாண் அலுவலர்கள் இல்லை. இலையோடு வேளாண் விரிவாக்க மையத்துக்குப் போகச் சொன்னேன். சுண்ணாம்பு மிகுந்த மண், இரும்பு மண்ணில் இருந்தும் வேரால் எடுக்க முடியவில்லை என்று அங்கே சொல்லி, அன்னபேதிக் கரைசலை இலைமேல் தெளிக்கச் சொன்னார்களாம். அதன்பின் வந்த தளிர்கள் தேறின. முன்பே வெளுத்த இலைகளில் பெரும்பாலானவை அப்படியேதான் இருந்தன.

இதில் பாடப் பொருளாக ஒரு நுட்பம் இருக்கிறது. பச்சையத்தின் மூலக்கூறில் இரும்பு கிடையாது. ஆனால் இரும்பு இல்லாமல் செடியால் பச்சையத்தைத் தயாரிக்க முடியாது. தோசைக்குள் தோசைக்கல் இல்லை, ஆனால் கல் இல்லாமல் தோசை இல்லை என்று ஒரு மாணவி சொன்னாள். அதைவிட நன்றாக என்னால் சொல்லியிருக்க முடியாது.

ஓர் எச்சரிக்கை. குச்சிக்கிழங்கு இலையைக் கண்ணால் மட்டும் ஆராயுங்கள். அரைக்கவோ சாறு எடுக்கவோ வேண்டாம். அதைத் தின்ற ஆடுகள் இறப்பது நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். நசுங்கும்போது அதிலிருந்து சயனைடு நஞ்சு வெளிப்படும். ஏத்தாப்பூரில் மரவள்ளி மற்றும் ஆமணக்கு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. களப்பயணம் என்றால் பூங்காவுக்கு மட்டும்தான் போக வேண்டும் என்பதில்லை.

கிளியின் பச்சை, மயிலின் பச்சை

இப்போது கிளி. கிளியின் இறகில் பச்சை நிறமி இல்லை. அங்கே இருப்பது மஞ்சள் நிறமி. இறகு நம் நகம்போலக் கெரட்டினால் ஆனது. அந்தக் கெரட்டினுக்குள் மிக நுண்ணிய காற்றறைகள் பஞ்சுபோல அமைந்திருக்கின்றன. அவை நீல ஒளியைச் சிதறடிக்கின்றன. அடியிலுள்ள கறுப்பு நிறமியான மெலனின் மற்ற ஒளியை விழுங்கிவிடுகிறது. அமைப்பிலிருந்து வரும் நீலமும் நிறமியிலிருந்து வரும் மஞ்சளும் சேர்ந்து பச்சை.

இதை நிரூபிக்க ஆய்வகம் வேண்டாம். கடையில் 'லவ் பேர்ட்ஸ்' என்று விற்கும் குருவிகளைப் பாருங்கள். ஒரே கூண்டில் பச்சை, நீலம், மஞ்சள், வெள்ளை எல்லாம் இருக்கும். மஞ்சள் நிறமி உருவாகாத பறவை நீலம். மெலனின் உருவாகாத பறவை மஞ்சள். இரண்டும் இல்லாதது வெள்ளை. இரண்டும் இருப்பது பச்சை. இந்த நான்கையும் கரும்பலகையில் கட்டம் போட்டு மாணவரையே நிரப்பச் சொல்லுங்கள். நம் ஊர்க் கிளிகளைக் கூண்டில் வளர்ப்பது சட்டப்படி குற்றம் என்பதையும் அதே வகுப்பில் சொல்லிவிடலாம்.

மயில் இறகின் பச்சை இன்னொரு வகை. அதில் மெலனின் குச்சிகள் ஒழுங்காக அடுக்கப்பட்டிருக்கின்றன. ஒரு மில்லிமீட்டரை ஆறாயிரம் ஏழாயிரம் பங்காக்கினால் ஒரு பங்கு எவ்வளவோ, ஏறத்தாழ அவ்வளவுதான் இடைவெளி. அந்த இடைவெளி சற்று மாறினால் பச்சை நீலமாகும். மழைநாளில் சாலையில் சிந்திய எண்ணெயில் வண்ணங்கள் தோன்றுவதும் இதே போன்ற ஒளிக் குறுக்கீட்டால்தான். நம் ஊர்க் காடுகளில் உதிர்ந்து கிடக்கும் ஒரு மயில் இறகின் இழைகளை நறுக்கி அம்மியில் வைத்து நன்றாக நசுக்கினோம். நசுங்கிய இடத்தில் பச்சை போய்ப் பழுப்புத் தூள் மிஞ்சியது. கீரையை அதே அம்மியில் அரைத்தால் பச்சை அப்படியே இருக்கிறது. நிறமியின் நிறம் பொடித்தாலும் இருக்கும், அமைப்பின் நிறம் அமைப்பு உடைந்தால் போய்விடும்.

சர் சி.வி. ராமன் என்றால் கடலின் நீலத்தோடு நிறுத்திவிடுகிறோம். அவர் 1934-இல் பறவை இறகுகளின் நிறங்களைப் பற்றியும் ஆய்வுக் கட்டுரை எழுதியிருக்கிறார். அவர் எடுத்துக்கொண்ட பறவை நம் மின்கம்பிகளில் உட்கார்ந்திருக்கும் பனங்காடை. நோபல் பரிசு பெற்றவர் ஒரு பனங்காடை இறகைக் கையில் எடுத்து "இது எப்படி நீலமாயிற்று?" என்று கேட்டார். நம் மாணவன் கிளியைப் பற்றிக் கேட்டதும் அதே கேள்விதான்.

விதிவிலக்கும் உண்டு. ஆப்பிரிக்காவில் டூராகோ என்ற பறவைகளின் இறகில் செம்பு கலந்த உண்மையான பச்சை நிறமியே இருக்கிறது.

சத்துணவு முட்டையின் பச்சை

நாமக்கல் மாவட்டத்தில் பேசிவிட்டு முட்டையைச் சொல்லாமல் போனால் தவறு. சத்துணவில் வேகவைத்த முட்டையை உரித்ததும் சில நாள் மஞ்சள்கருவைச் சுற்றிக் கரும்பச்சை வளையம் தெரியும். "கெட்டுப்போச்சு டீச்சர்" என்று பிள்ளைகள் மஞ்சள்கருவைத் தூக்கி எறிவதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். நானும் பல நாள் பேசாமல் இருந்திருக்கிறேன்.

அது கெட்டதற்கான அடையாளம் இல்லை. அதிக நேரம் வெந்ததால் வெள்ளைக்கருவிலுள்ள கந்தகம் ஹைட்ரஜன் சல்பைடாக வெளிப்பட்டு, மஞ்சள்கருவிலுள்ள இரும்போடு சேர்ந்து இரும்பு சல்பைடாகிறது. அந்த மெல்லிய படலம்தான் பச்சையாகத் தெரிகிறது. உடலுக்குத் தீங்கு இல்லை. வெந்ததும் குளிர்ந்த நீரில் போட்டால் வளையம் குறையும். எங்கள் சமையலர் அக்காவிடம் சொன்னோம். அவரும் செய்து பார்த்தார், வளையம் குறைந்தது. இப்போது வளையம் வந்தாலும் பிள்ளைகள் எறிவதில்லை. "இரும்பு சல்பைடு" என்று சொல்லிக்கொண்டே சாப்பிடுகிறார்கள். ஓர் அறிவியல் விளக்கம் ஒரு பிள்ளையின் வயிற்றுக்குள் ஒரு மஞ்சள்கருவைக் கூடுதலாகக் கொண்டுபோய்ச் சேர்க்கும் என்றால் அதைவிட என்ன வேண்டும்?

இன்னும் சில பச்சைகள்

கபடி ஆடி அடிபட்ட இடம் முதலில் கருநீலமாகி, சில நாளில் பச்சையாகி, பிறகு மஞ்சளாகும். இரத்தத்தின் சிவப்பு நிறமி சிதையும்போது பிலிவெர்டின் என்ற பச்சைப் பொருள் உண்டாவதால் வரும் நிறம் அது. பச்சைப் புழுக்கள் பலவற்றில், தின்ற இலையிலிருந்து கிடைத்த மஞ்சளும் உடலிலேயே உண்டான நீல நிறமியும் கலந்து பச்சையாகின்றன.

சேலத்து வெள்ளைக்கல் குன்றுகளில் மேக்னசைட்டோடு கிடைக்கும் டூனைட் பாறையின் பச்சைக்குக் காரணம், ஆலிவின் கனிமத்திலுள்ள இரும்பு. சந்திரயான்-2 சோதனைகளுக்கு நிலவு மண்ணைப் போன்ற மண் தயாரிக்கப் பாறை கொடுத்த நாமக்கல் மாவட்டச் சித்தம்பூண்டியில் குரோமைட் என்ற கனிமமும் உண்டு. குரோமைட் கறுப்பு. அதிலுள்ள குரோமியமே மரகதத்துக்குப் பச்சையையும் மாணிக்கத்துக்குச் சிவப்பையும் தருகிறது. ஒரே தனிமம், மூன்று நிறம்.

மேட்டூர் நீர்த்தேக்கத்தின் ஓரங்களில் சில கோடைகளில் தண்ணீரே பச்சையாகி நாற்றமெடுப்பதை அந்தப் பக்கத்து ஆசிரியர்கள் அறிவார்கள். அது நீலப்பச்சைப் பாசிப் பெருக்கம். தேங்கிய நீர், வெயில், வந்து சேரும் உரச்சத்தும் கழிவும் அதற்குக் காரணம். அதில் சில வகைகள் நஞ்சு உண்டாக்கும். பச்சை என்றாலே செழிப்பு என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்ளக் கூடாது. அந்த நீரில் மாடு குடிக்கக் கூடாது, பிள்ளைகள் குளிக்கக் கூடாது.

நாம் செய்யக்கூடியது

எல்லாவற்றையும் ஒரே வகுப்பில் நடத்தச் சொல்லவில்லை. ஒரு பச்சைப் பொருள் கிடைத்தால் நான்கு சோதனைகளைச் செய்யப் பழக்குவோம். நசுக்கினால் நிறம் இருக்கிறதா? ஸ்பிரிட்டில் இறங்குகிறதா? சாய்த்துப் பிடித்தாலும் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தாலும் மாறுகிறதா? எலுமிச்சைச் சாறு பட்டால் என்ன ஆகிறது? ஒரு சோதனையை மட்டும் நம்பி முடிவு சொல்ல வேண்டாம். பச்சைக் கல்லைப் பொடித்தால் தூள் வெளிறித்தான் தெரியும். அதனால் அது மயிலிறகு வகை ஆகிவிடாது. இரண்டு மூன்று சோதனைகள் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பதும் பாடம்தான்.

'பச்சையம் இருப்பதால்' என்பது தவறான விடை இல்லை. இலைக்கு அது சரி. அதைக் கிளிக்கும் முட்டைக்கும் கல்லுக்கும் குளத்துக்கும் பொருத்த முடியாது என்பதை அந்த மாணவன் என்னைவிட முன்னதாகக் கண்டுகொண்டான். பச்சை என்பது ஒரு சொல். அதன் பின்னால் இருக்கும் காரணங்கள் பல. ஒரு சொல் விடையோடு நாம் புத்தகத்தை மூடினால் அந்தப் பல காரணங்களும் பிள்ளைகளுக்கு மூடிப்போகின்றன.

வகுப்பில் யாராவது சிரிப்பை வரவழைக்கும் கேள்வி கேட்டால் நான் இப்போது உடனே பதில் சொல்வதில்லை. கரும்பலகையின் வலது மூலையில் எழுதிவைக்கிறேன். சில கேள்விகள் ஒரு வாரம் அங்கேயே இருக்கும். இந்த வாரம் அங்கே இருப்பது, "தேங்காய்த் தண்ணிக்குப் பச்சைத் தேங்காயோட பச்சை ஏன் வரலை?" என்பது. எனக்கு இன்னும் முழுப் பதில் கிடைக்கவில்லை. உங்களில் யாருக்காவது தெரிந்தால் தேநீர் இடைவேளையில் சொல்லுங்கள், நாளை வகுப்பில் உங்கள் பள்ளியின் பெயரோடு சொல்கிறேன்.